கொல்லைக் களிமண்ணில் உன் அண்ணன்

மார்ச் 3

சீப்பு,

உன் செல்போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். சலூனுக்கு அழைத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் எனக்கு வருத்தம் வராது. இப்போதெல்லாம் எனக்கு எதற்கும் எதுவும் வருவதில்லை.

சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "கட்டின பொண்டாட்டி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இவ எங்கண்ணன் மூஞ்சிய ஒரு நாளாவது நிமிந்து பாத்திருப்பாளா?" ஆத்திரத்தில் பேசுகிறாய் என்று வந்தவர்கள் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். எனக்கு ஆத்திரம் வரவில்லை. ஒருவேளை இவள் சொல்வதுதான் உண்மையோ என்று தோன்றியது. அன்றைக்கு வந்த சந்தேகம் இன்னும் போகவில்லை. காலையில் எழுகிறேன், பல் லேபுக்குப் போகிறேன், யார் யாருக்கோ பல்செட் செய்கிறேன், வந்து படுக்கிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இப்படித் தூக்கம் வரலாமா என்று நீயே சொல்.

துணி துவைக்கிற மெஷின் தண்ணீர் போவதற்காக உன் அண்ணன் கொல்லையில் ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? மேல்மண் போனதும் உள்ளே ஒரே களிமண். தண்ணீர் இறங்காது, வேறு இடம் பாருங்கள் என்றேன். களிமண்ணாவது கத்திரிக்காயாவது, இன்னும் ஒரு அடி போனால் மணல் வரும் என்றார். அந்த ஒரு அடி போவதற்குள் டிப்போவில் பழுது பார்க்கப் பஸ்ஸுக்கு அடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒரு மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றது. நின்றது நின்றபடியே இருக்கிறது.

அந்தக் களிமண்ணை எடுத்து அவர் தலையைச் செய்கிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. நான் அவரை உண்மையிலேயே பார்த்திருக்கிறேனா என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். போட்டோ எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை. எல்லாவற்றிலும் அந்தத் தடிமனான மூக்குக்கண்ணாடியோடு இருக்கிறார். அதைக் கழற்றிய முகத்தைத்தான் நான் செய்கிறேன். அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். தூங்கப் போகும்போது நான், முடிவெட்டும்போது நீ.

வாய் முதல் நாளே வந்துவிட்டது. வாய் என் தொழில். ஆனால் பின்மண்டைக்கு வந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அது தெரியவே தெரியாது. சுழி எந்தப் பக்கம், பிடரி எப்படி இறங்கும், ஒன்றும் தெரியாது. உலகத்தில் யாரும் பின்மண்டையைப் போட்டோ எடுத்து வைப்பதில்லை. உன் கைக்குத் தெரியும். எழுதி அனுப்புவாயா?

உன் அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

சீப்பு என்பது அண்ணன் எனக்கு வைத்த பெயர். சின்ன வயதில் பொம்மைக்குப் பதிலாகச் சீப்பை வைத்துக்கொண்டு தூங்குவேன் என்று வைத்தான். அவன் கூப்பிட்டால் திரும்புவேன். நீங்கள் கூப்பிட்டால் ஏன் திரும்ப வேண்டும்?

முதலில் அந்தக் குழியை மூடுங்கள். யாராவது விழுந்து கால் ஒடிந்தால் அந்தப் பழியும் அண்ணன் மேல்தான் வரும். குழி வெட்டினவன் போய்விட்டான், பார்த்துக்கொண்டிருந்தவர் அதில் மண் அள்ளி விளையாடுகிறார் என்று ஊர் சிரிக்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் சலூன் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம், ஏதோ ஒரு தலையை வைத்துவிட்டு அதை என் அண்ணன் என்று நீங்கள் சொல்லித் திரிந்தால் எனக்குத்தானே அவமானம் என்று தோன்றியது. அதற்காக எழுதுகிறேன். உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சுழி ஒன்றுதான். உச்சியிலிருந்து கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இருக்கும். அந்த இடத்தில் முடி சொன்ன பேச்சு கேட்காது, எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் எழுந்து நிற்கும். பின்மண்டை தட்டை. எங்கள் அம்மா மல்லாக்கப் போட்டே வளர்த்ததால் பலகை மாதிரி ஆகிவிட்டது. சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்குப் பிடரியில் ஒரு பள்ளம். அதில் மெஷின் ஓட்டினால் மட்டும் தோளைக் குறுக்கிக்கொள்வான், அவ்வளவு கூச்சம். பிடரிக்குக் கீழே இரண்டு மடிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்றுதான் இருந்தது. நீங்கள் நன்றாகத்தான் சாப்பாடு போட்டிருக்கிறீர்கள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முகத்துக்கு நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்குப் பரீட்சை. டிப்போவில் ஸ்பேனர் தெறித்துப் புருவத்தில் பட்டதே, அந்தத் தழும்பு எந்தப் பக்கம்? எந்தக் கண் இமை தாழ்ந்திருக்கும்? மூக்குக்கண்ணாடி அழுத்தின பள்ளம் மூக்கில் எந்தப் பக்கம் ஆழம்? சட்டத்துக்கும் அந்தத் தடிக் கண்ணாடிக்கும் பின்னால் இருப்பவை இவை. பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எழுதுங்கள், பார்ப்போம்.

அண்ணனின் தங்கை


மார்ச் 22

சீப்பு,

திட்டினாலும் பரவாயில்லை, எனக்கு வேறு பெயர் வராது.

பின்மண்டை வந்துவிட்டது. நீ எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். பிடரிப் பள்ளத்தை என் சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தேன். இவ்வளவு நாளில் நான் அந்த இடத்தைத் தொட்டதே இல்லை.

குழியில் மண் எடுப்பது நீ நினைப்பது போல விளையாட்டில்லை. வெட்டி எடுத்த கட்டிகளை முதலில் வெயிலில் காயவைத்து உடைக்க வேண்டும். காயாமல் தண்ணீரில் போட்டால் கரையாது. அப்புறம் வாளியில் ஊறப் போட்டுக் கலக்கி, மேலே மிதக்கிற வேரையும் சருகையும் வழித்து, பழைய துணியில் வடிகட்டி, அடியில் தங்கியதை மட்டும் எடுக்க வேண்டும். லேபில் பல் அச்சுக்கு வைத்திருக்கிற பிளாஸ்டரில் பலகை மாதிரி ஊற்றி வைத்திருக்கிறேன். அதன் மேல் கொட்டினால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மாலைக்குள் பிசைகிற பதத்துக்கு வந்துவிடும். முதல் தடவை வெறும் களிமண்ணில் செய்தேன், காய்ந்ததும் கன்னம் இரண்டாகப் பிளந்தது. இப்போது சலித்த மணல் கொஞ்சம் சேர்க்கிறேன். அவர் தேடின மணலை நான் வெளியிலிருந்து வாங்கிக் கொண்டுவந்து அதே மண்ணில் கலக்கிறேன்.

உன் பரீட்சைக்குப் பதில். தழும்பு அவருடைய இடது புருவத்தில், வெளிப்பக்க ஓரத்தில். தாழ்ந்த இமையும் இடது. மூக்கில் ஆழமான பள்ளமும் இடது பக்கம்தான். அவர் என்னைப் பார்த்துப் படுத்திருக்கும்போது பார்த்தது. நினைவிலிருந்து என்றுகூடச் சொல்ல முடியாது. கை அப்படித்தான் வைத்தது.

சரியா?

உன் அண்ணி


ஏப்ரல் 1

அண்ணிக்கு,

தப்பு. மூன்றும் தப்பு.

தழும்பு அவனுடைய வலது புருவத்தில். தாழ்ந்த இமை வலது. பள்ளம் வலது. மாசம் தவறாமல் பஸ் ஏறி வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் நாற்காலியில் உட்காருவான். முடிவெட்டி முடிகிற வரைக்கும் அந்த முகம்தான் என் எதிரே. கண் தெரியாமல் இடுக்கிக்கொண்டு, "சீப்பு, காதை மட்டும் விட்டு வை"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். இப்போது கண்ணை மூடினாலும் அந்த முகம் எனக்குத் தெரிகிறது. நீங்கள் எனக்கு இடது வலது சொல்லித் தருகிறீர்கள்.

ஒன்று தவறியிருந்தால் மறதி என்று விட்டுவிடலாம். மூன்றையும் தலைகீழாகச் சொல்வதற்கு என்ன பெயர்? பக்கத்தில் படுத்திருந்தீர்கள், பார்க்கவில்லை. சாவு வீட்டில் நான் சொன்னதற்கு எத்தனை பேர் என்னைக் கடிந்துகொண்டார்கள் தெரியுமா? வாயை அடக்கு, அவளுக்குத் துக்கம் உள்ளே இருக்கும் என்றார்கள். உள்ளேயும் ஒன்றும் இல்லை என்று இப்போது உங்கள் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 12

சீப்பு,

நீ எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான், அப்புறம் எழுத மாட்டேன்.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இடது புருவத்தை மண் வைத்து மூடி வழித்துவிட்டு வலதில் தழும்பைக் கீறினேன். வலது இமையைத் தாழ்த்தினேன். மூக்கில் வலது பக்கம் அழுத்தினேன். செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். யாரோ ஒருவர் மாதிரி இருந்தது. நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தது, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவர் மாதிரி. என் கை அந்த இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பழையபடி ஆக்கப் பார்த்தது. நான் விடவில்லை. நீ அவருடன் பிறந்தவள், உனக்குத்தான் தெரியும்.

வார இறுதியில் பானை வகுப்பு நடத்துகிற ஓர் அம்மாள் தன் சூளையில் வைத்துச் சுட்டுத் தருகிறேன் என்றார். ஆனால் கெட்டியாக அப்படியே வைத்தால் வெடித்துவிடுமாம், உள்ளே குடைந்து எடுக்க வேண்டுமாம். அதனால் கம்பி போட்டு உச்சிமண்டையை மூடி மாதிரி அறுத்து எடுத்தேன். லேபில் மெழுகு எடுக்கிற கரண்டியால் உள்ளே இருந்ததை வழித்து வழித்து வாளியில் போட்டேன். சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும் என்பதால் உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். அப்புறம் மூடியைக் குழைமண் தடவி ஒட்டினேன்.

புருஷன் தலையைத் திறந்து கரண்டியால் வழிக்கிறவளுக்குக் கை நடுங்க வேண்டும். எனக்கு நடுங்கவில்லை. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று நினைத்தேன், கை கழுவினேன், பசித்தது, சாப்பிட்டேன்.

நீ சொன்னது சரிதான். அதை எழுதத்தான் இந்தக் கடிதம். நான் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் இருந்தது துக்கமே இல்லை என்று தெரிந்துகொண்டேன். இனி என்னைத் தேடாதே, நானும் தொந்தரவு செய்ய மாட்டேன். காய்ந்ததும் சுடக் கொடுத்துவிட்டுக் குழியையும் மூடிவிடுகிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

சுட்டுவிட்டீர்களா? சுடாமல் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டு விடியற்காலையிலிருந்து அழைக்கிறேன், மணி அடித்து அடித்து நிற்கிறது. இப்போது நீங்கள் எடுக்கவில்லை. எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். பேங்க்கில் ராத்திரிக் காவல் பார்க்கிற வாட்ச்மேன் என் வாடிக்கையாளர். கன்னத்தில் பெரிய மச்சம். வருஷக்கணக்காக அவருக்கு முடிவெட்டுகிறேன். நேற்று மார்க்கெட்டில் ஒருவர் எதிரே வந்து வணக்கம் சொன்னார். அதே முகம், ஆனால் மச்சம் மறு கன்னத்தில். வாட்ச்மேனுக்கு இரட்டைப் பிள்ளைத் தம்பி இருக்கிறார் போல என்று நினைத்து, உங்கள் அண்ணன் சௌக்கியமா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, ராத்திரி தூங்கலயா? நாந்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

புரிகிறதா அண்ணி? நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு எப்போதும் நான் பின்னால்தான் நிற்கிறேன். முகத்தைச் சுவர்க் கண்ணாடியில்தான் பார்க்கிறேன். அண்ணனின் தழும்பு என் இடது கைப் பக்கம் தெரியும். என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற முகத்தில் என் இடது அவனுக்கு வலதுதானே என்று கணக்குப் போட்டு எழுதினேன். அவன் என்னைப் பார்த்து உட்காரவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தத் தழும்பு விழுந்த பிறகு, மூக்குக்கண்ணாடி இல்லாத அண்ணன் முகத்தை நான் நேருக்கு நேர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நீங்கள்தான் பார்த்தீர்கள்.

மூன்றும் இடதுதான். உங்கள் கை வைத்ததுதான் சரி. நான் எழுதினதை எல்லாம் அடித்துவிடுங்கள். சாவு வீட்டில் பேசினதையும் சேர்த்து.

தலை ஈரமாக இருந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள். நான் வேண்டுமானால் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

சீப்பு


ஏப்ரல் 26

சீப்பு,

உன் கடிதம் வந்த அன்றுதான் சூளையிலிருந்து தலையை எடுத்துவந்தேன். ஒரு விரிசல் இல்லை. சாம்பல் நிறத்தில் போனது செங்கல் நிறத்தில் வந்திருக்கிறது. சுருங்கும் என்று கொஞ்சம் பெரிதாகச் செய்திருந்தேன், சரியான அளவுக்கு வந்துவிட்டது. இனிமேல் எதையும் மாற்ற முடியாது. உடைக்கத்தான் முடியும்.

நீ வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். வேண்டாம். கைக்குத் தெரிந்திருந்தது, நான்தான் அதை நம்பவில்லை. அப்படியென்றால் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஏதாவது வரும் என்று கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, துணியை எடுத்துக் காயப் போட்டேன்.

தலை எனக்கு வேண்டாம். அது என் புருஷன் இல்லை, நீ கண்ணாடியில் பார்த்த உன் அண்ணன். உனக்குத்தான் சேரும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உனக்காகச் சமையல் எதுவும் செய்து வைக்காதே.

குழியை இன்னும் மூடவில்லை.

உன் அண்ணி


மே 3, கடை மூடும் நேரம்

அண்ணி,

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? டீ வாங்கத்தானே போனேன். எதிர்க்கடைதான், போய் வருவதற்குள் உங்களைக் காணவில்லை. பஸ் நிறுத்தம் வரை ஓடிப் பார்த்தேன். டீ இரண்டும் ஆறிப் போயின.

சின்னப் பிள்ளைகளை உட்காரவைக்க நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் போடுகிற பலகையில் அண்ணனை வைத்தோமே, வைத்தபடியே இருக்கிறான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு மட்டும் இப்போது கண்ணாடியில் இருப்பவன் யாரோ மாதிரி தெரிகிறான். பலகைக்கு முன்னால் வந்து குனிந்து நேராகப் பார்த்தால்தான் என் அண்ணன்.

கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தட்டு முழுக்கக் கலைந்து கிடக்கிறது. சீப்புகள் தரையில், கத்தரிக்கோல் கழுவுகிற தொட்டியில், டவல் எல்லாம் உதறிப் போட்டிருக்கிறது. பவுடர் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். எதைத் தேடினீர்கள் அண்ணி? கேட்டிருந்தால் நான் எடுத்துக் கொடுத்திருப்பேனே.

போனையாவது எடுங்கள்.

சீப்பு


மே 4

சீப்பு,

போனில் சொல்லத்தான் பார்த்தேன். உன் எண்ணை அழுத்தி அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். லேப் வண்டி இன்று உன் ஊருக்குப் பல்செட் எடுத்துக்கொண்டு வருகிறது, டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சாயங்காலத்துக்குள் உன் கைக்குக் கிடைத்துவிடும்.

நீ டீ வாங்கப் போனதும் நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன், நீ நிற்கிற இடத்தில். சும்மாதான் நின்றேன். எனக்கு முன்னால் நீ சொல்லிச் செய்த பின்மண்டை, அந்தப் பள்ளம், இரண்டு மடிப்பு. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அவர் இருந்தார். இடது புருவத்தில் தழும்பு, இடது இமை தாழ்ந்து, மூக்கில் இடது பக்கம் பள்ளம். நான் மாற்றி வைத்ததையெல்லாம் உன் கண்ணாடி திருப்பி வைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் கண் தெரியாமல் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பாரே, அதே மாதிரி பார்த்தார்.

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அவருக்கு ஒரு நாளும் தெரியாது. அது இல்லாமல் அதைத் தேட முடியாது. தினமும் நான்தான் தேடி எடுத்துக் கொடுப்பேன். "இருங்க, எடுத்துத் தரேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன் சீப்பு. சொல்லிவிட்டுத் தட்டில் தேடினேன். சீப்புகளை நகர்த்தினேன், டவல்களை உதறினேன், பவுடர் டப்பாவுக்குள் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டிருக்கிறாரே, சீக்கிரம் கொடுக்க வேண்டுமே என்று கை பரபரத்தது. எல்லா இடத்திலும் தேடி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் என் கையாலேயே அதைத் துடைத்து அவருக்கு மாட்டி அனுப்பினேன். அது இனி எங்கேயும் கிடைக்காது.

எப்படிப் பஸ் ஏறினேன் என்று தெரியவில்லை. வழி முழுக்க அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து, என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார் என்றேன். எப்போது என்று கேட்டாள். இப்போதுதான் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சீப்பு, உன் அண்ணன் நேற்றுச் சாயங்காலம் இறந்துபோனார். வீட்டில் நான் மட்டும் தனியாக இருக்கிறேன். என்னால் முடியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு உடனே கிளம்பி வா.

அண்ணி